பின்வாசல் சமையல்

"இனி ஆறு வாரத்துக்கு இந்த வீட்டு அடுப்பு என் பொறுப்பு!"

இப்படி அவர் அறிவித்தபோது கையில் கரண்டி இல்லை. டி.வி. ரிமோட் இருந்தது. அதைத்தான் செங்கோல் மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தார்.

அறிவிப்புக்கு முன்னால் ஒரு சண்டை. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரே ஒரு வாக்கியம். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பதினோரு வருடமாக அதே அறை, அதே "மூச்ச இழுத்துப் பிடிங்க, இப்ப விடுங்க." ஸ்கேன் பிரிவுக்கு மாற வேண்டுமானால் ஒரு பரீட்சை எழுத வேண்டும். பரீட்சைக்கு ஆறு வாரம் மாலை வகுப்பு. வேலை முடிந்து நேராக வகுப்புக்குப் போனால் வீடு திரும்ப எட்டு மணியாகிவிடும். எட்டு மணிக்கு வந்து யார் சமைப்பது? "இந்த வருஷமும் விட்டுடலாம்னு பாக்கறேன்" என்றாள். போன வருடமும் விட்டாள். அதற்கு முந்தின வருடமும் விட்டாள். விட்டு விட்டுப் பழகிப்போன குரலில்தான் சொன்னாள்.

அப்போதுதான் நம்மவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"சமையல் என்ன பெரிய வித்தையா? அரை மணி நேர வேலை. அதுக்காகப் போய் யாராவது படிப்ப விடுவாங்களா?"

சோபாவின் மறுமூலையில் மைத்துனி உட்கார்ந்திருந்தாள். மனைவியின் தங்கை, சட்டம் படிக்கிறவள். வாயில் போட்டிருந்த பிஸ்கட்டை மெல்வதை நிறுத்தினாள்.

"அரை மணி நேர வேலைதானே? அப்ப நீங்களே செஞ்சுடலாமே மாமா?"

"செய்வேன்."

"எத்தன நாளைக்கு?"

"ஆறு வாரமும்."

"தினமும்?"

"தினமும்!" ரிமோட் உயர்ந்தது. அறிவிப்பு வெளியானது.

"முடியலன்னா?"

இதற்குப் பதில் சொன்னது மனைவி. "முடியலன்னா நான் வகுப்ப விட்டுட்டு வரவேண்டியதுதான்."

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பந்தயம் கட்டியவர் அவர். தோற்றால் இழப்பவள் அவள். ஒருத்தர் வாய் கொடுக்க, இன்னொருத்தர் விலை கொடுக்கிற இந்த விளையாட்டுக்குக் குடும்பம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யார் வைத்தார்கள் என்று விசாரித்தால் நிச்சயம் சமைக்காத ஒருவராகத்தான் இருப்பார்.

முதல் நாள் அவர் உண்மையாகவே சமைத்தார். அதை மறுக்கக் கூடாது. ஆறு மணிக்கு உருளைக்கிழங்கைத் தோல் சீவ ஆரம்பித்தார். சீவி முடித்தபோது கிழங்கு கோலிக்குண்டு அளவில் இருந்தது, தோல்தான் கிழங்கு அளவில் இருந்தது. அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று யோசித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார். யோசித்து முடிப்பதற்குள் பாத்திரத்தின் அடி கறுத்துவிட்டது. குடிநீர் அலுவலகத்தில் பதினான்கு வருடமாகப் புகார்ப் பிரிவில் இருப்பவர் அவர். ஊரில் யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் அவருக்குத் தெரியும். தன் வீட்டு அரிசியில் தண்ணீர் இல்லை என்பது மட்டும் தெரியவில்லை.

மணி ஏழு. வீடு முழுக்கப் புகை. அந்தப் புகையின் நடுவே அவருடைய போன் பளிச்சென்று மின்னியது.

அதில் சாப்பாடு வரவழைக்கும் செயலி ஒன்று இருந்தது. போன வருடம் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, சூப் வரவழைத்துக் குடிக்கட்டும் என்று மனைவிதான் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர் அதைத் திறந்ததே இல்லை. இப்போது திறந்தார். படம் படமாகச் சாப்பாடு. ஒரு தட்டிலும் புகை இல்லை, ஆவிதான் இருந்தது.

கோழியும் சோறும் என்று ஒரு படத்தைத் தொட்டார். விலை பரவாயில்லை என்று நினைத்தார். அடுத்த பக்கத்துக்குப் போனதும்தான் விலைக்குக் குட்டிகள் இருப்பது தெரிந்தது. கொண்டுவந்து கொடுக்க ஒரு கட்டணம். அதைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பச் சேவைக் கட்டணம். டப்பாவுக்குத் தனி. டப்பாவைப் போடும் பைக்குத் தனி. 'சிறிய ஆர்டர் கட்டணம்' என்று ஒன்று, வீட்டில் இரண்டே பேர் இருக்கும் குற்றத்துக்காக. கடைசியில் 'மழைக் கட்டணம்'. அவர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். வானம் துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது. கோழியைவிடக் கோழியின் பயணச் செலவு அதிகமாகிவிட்டது. கோழி உயிரோடு டாக்சி பிடித்து வந்திருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது.

இருந்தாலும் விரல் தொட்டுவிட்டது. மானம் போவதைவிடப் பணம் போவது மேல் என்று விரலே முடிவு செய்துவிட்டது.

அடுத்து வழி. செயலியில் இருந்த வரைபடம் அவருடைய வீட்டை இரண்டு தெரு தள்ளி ஒரு டயர் கடையில் வைத்திருந்தது. கொண்டுவருகிறவர் கூப்பிடுவதற்குத் தன் நம்பரைக் கொடுத்திருந்தார், போன் அடித்தது.

"சார், டயர் கடையில நிக்கறேன். மாடி ஏறணுமா?" பெண் குரல்.

"இல்லம்மா, அது வேற. நேரா வந்து இடது பக்கம். முன்வாசல் வேணாம், அங்க ஆளுங்க உக்காந்திருப்பாங்க. பின்வாசல். குப்பைத் தொட்டி பக்கத்துல."

"குப்பைத் தொட்டியா சார்? சாப்பாடு சார் இது."

"தெரியும்மா. அங்கேயே வாங்க."

வந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் சிவப்பு ஹெல்மெட், முதுகில் ஒரு பீரோ அளவுக்குப் பை. அன்றிலிருந்து அவர் மனதுக்குள் அவள் பெயர் ஹெல்மெட்டம்மா.

இனிதான் வேலையே ஆரம்பம். டப்பாவிலிருந்ததை வீட்டுப் பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். சமைத்த பாத்திரங்கள் வேண்டாமா? சுத்தமான வாணலியில் எண்ணெய் தடவி, அடுப்பில் காட்டி, கறையாக்கினார். ஒரு வெங்காயத்தை உரித்துத் தோலைத் தரையில் தூவினார். கன்னத்தில் கொஞ்சம் மாவு. டப்பாக்களைக் கழுவி, நசுக்கி, ஆபீஸ் பையின் அடியில் ஃபைல்களுக்குக் கீழே ஒளித்தார். கறையாக்கிய வாணலியை மறுபடி கழுவினார், ஏனென்றால் சமைத்தவரே பாத்திரமும் கழுவுவதாக அவரே சொல்லியிருந்தார். சமைக்காமல் சமைத்ததாகக் காட்ட அவருக்கு மொத்தம் ஒரு மணி நேரம் பிடித்தது. சமைத்திருந்தால் முக்கால் மணியில் முடிந்திருக்கும். இந்தக் கணக்கை நான் பல பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆண்கள் எல்லோரும் "அந்தச் செயலி பேர் என்ன?" என்று கேட்டார்கள்.

எட்டு மணிக்கு மனைவி வந்தாள். கை கழுவினாள். உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நல்லாயிருக்கே!"

"ஏதோ… முடிஞ்சத செஞ்சேன்."

"எப்படிச் செஞ்சீங்க?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் ஒரு நாளும் அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அதனால் இப்படியொரு கேள்வி உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"கோழிய மொதல்ல… வேக வச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"அது கோழிக்குத் தகுந்த மாதிரி."

"கோழிய கேட்டீங்களா?"

"பாத்தாலே தெரியும்ல."

"சரி, இந்த மசாலா இவ்வளவு நைசா அரைஞ்சிருக்கே?"

"மிக்ஸில போட்டு ஒரு சுத்து."

"மிக்ஸி ரிப்பேருக்குப் போயி மூணு நாளாச்சே?"

"…கையாலதான் அரைச்சேன். மிக்ஸில போட்ட மாதிரி."

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தோலுக்கு உள்ளே இருப்பதைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவள். "பாவம், கை வலிக்குமே" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குப் பதினொரு பக்கம் படித்தாள்.

அவர் தப்பித்தோம் என்று நினைத்தார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புகழ் வந்தது.

மனைவி ஆஸ்பத்திரியில் சொன்னாள். மைத்துனி காலேஜில் சொன்னாள். கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் தன் கணவனிடம், "கீழ் வீட்டுக்காரரைப் பாருங்க, தினமும் அவர்தான் சமைக்கிறாராம்" என்றாள். அந்தக் கணவர்கள் மாடிப்படியில் நம்மவரைக் கண்டால் வணக்கத்துக்குப் பதில் மூக்கால் ஒரு சத்தம் விட்டார்கள். அவருடைய ஆபீஸில் டைப்பிஸ்ட் அம்மாள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "சார் மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் இருந்தா போதும்" என்று சொல்ல, கைதட்டினார்கள். டைப்பிஸ்ட் அம்மாள் இருபத்தாறு வருடமாகத் தினமும் காலையில் ஐந்து பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு வருகிறவள். அவளுக்காக ஒருத்தரும் ஒரு விரலைக்கூடத் தட்டியதில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் அவளே கேட்டாள்:

"சார், எனக்கு எப்பவும் கறி கெட்டியாயிடுது. ஏதாவது யோசனை சொல்லுங்களேன்."

நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தீய கொறைக்கணும்மா. அவசரப்படக் கூடாது. சமையல்ல பொறுமைதான் முக்கியம்." சொல்லும்போதே காலுக்குக் கீழே ஆபீஸ் பையில் நசுங்கிய டப்பா ஒன்று 'டப்' என்று விரிந்தது. அவர் இருமி அந்தச் சத்தத்தை மறைத்தார். அம்மாள் அவர் சொன்னதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோது அவர் காதுமடல் சூடாயிற்று. அன்று முழுக்க அந்தச் சூடு தணியவில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து இன்னொரு தலைவலி. அவர் வறுத்த கோழி கேட்டால் வேகவைத்த காய்கறி வந்தது. இனிப்புப் பன் கேட்டால் பழத்துண்டுகள் வந்தன. ஒருநாள் அவருக்குப் பிடித்த காரமான நூடுல்ஸ் கேட்டார். வந்தது சூப். கூடவே ரசீதில் ஒரு குறிப்பு: 'எண்ணெய் வேண்டாம். உப்பு பாதி போதும்.'

அவர் கொதித்துப்போனார். புகார் கொடுப்பதென்றால் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? செயலிக்குள் இருந்த உதவிப் பெட்டியைத் திறந்து, ஒன்பது அம்சங்களோடு ஒரு புகார் தட்டினார். நொடியில் பதில் வந்தது.

'உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம். அது பதிவு செய்யப்பட்டது.'

அவருக்கு எங்கேயோ இடித்தது. அவரே தினமும் நாற்பது தடவை தட்டுகிற வாக்கியம் அது. பதிவு செய்ததற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஒன்றும் நடக்காது.

'நான் கேட்டது நூடுல்ஸ். வந்தது சூப்' என்று மறுபடி தட்டினார்.

'ஆர்டர் கொடுத்த ஒரு நிமிடத்துக்குள் தங்கள் கணக்கிலிருந்தே அது மாற்றப்பட்டுள்ளது.'

'நான் மாற்றவில்லை.'

'உங்கள் பொறுமைக்கு நன்றி.'

'எனக்குப் பொறுமை இல்லை.'

'இந்த உரையாடல் உங்களுக்கு உதவியாக இருந்ததா?'

இயந்திரத்துக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினார். சூப்பைக் குடித்தார். மனைவி, "இப்பெல்லாம் எண்ணெய் கம்மியா சமைக்கிறீங்க. உங்க கொலஸ்ட்ராலுக்கு நல்லது" என்று பாராட்டினாள்.

நான்காவது வாரம் நிஜமாகவே மழை பெய்தது. மழைக் கட்டணம் இரண்டு மடங்காயிற்று. பின்வாசலில், ஏப்ரன் கட்டிய கோலத்தில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஹெல்மெட்டம்மா சொட்டச் சொட்ட நனைந்து வந்தாள். தன் மழைக்கோட்டைக் கழற்றி உணவுப் பைக்குப் போர்த்தியிருந்தாள்.

"கொஞ்சம் நின்னு போங்கம்மா. மழை விடட்டும்."

"நின்னா லேட்டுன்னு புள்ளி கொறச்சிருவாங்க சார்."

"மழைக்குன்னு தனியா வாங்கறாங்களே, அது உங்களுக்குத்தானே வரும்?"

அவள் சிரித்தாள். அவர் ஏதோ நல்ல ஜோக் சொன்னதுபோலச் சிரித்தாள்.

"இந்நேரம் உங்க வீட்ல யாரும்மா சமைப்பாங்க?"

"யாரு செய்வா? நான் போய்த்தான். எங்க வீட்டுக்காரரு டி.வி. முன்னாடி உக்காந்திருப்பாரு. கேட்டா, 'இது ஒரு வேலையா?'ம்பாரு." பையை அவரிடம் நீட்டியவள் தயங்கினாள். "தப்பா நெனைக்காதீங்க சார். தினமும் இந்த எடத்துல நிக்கறீங்களே, வீட்ல அம்மாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"அவ நல்லாத்தான் இருக்கா. படிக்கிறா. அதனால வீட்ல நான்தான் சமைக்கிறேன்."

அவள் அவருடைய ஏப்ரனைப் பார்த்தாள். கன்னத்து மாவைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"சரிங்க சார்" என்றாள்.

அவ்வளவுதான். கேலி இல்லை, குத்தல் இல்லை. 'சரிங்க சார்.' வண்டி போய்விட்டது. அவர் மழையில் அப்படியே நின்றார். பதினான்கு வருடத்தில் எத்தனையோ பேர் அவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள். ஒரு வசவும் இந்த 'சரிங்க சார்' போல உள்ளே இறங்கியதில்லை. குடை கையில் இருந்தது, அதை அவளிடம் கொடுத்திருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று எப்படியும் மனைவியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். வாசலிலேயே காத்திருந்தார். அவள் வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க, மாதிரித் தேர்வுல நான்தான் மொதல்! பதினோரு வருஷத்துக்கு அப்புறம் மூள இன்னும் வேல செய்யுதுங்க!"

"அடேயப்பா! … நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"…சாப்பாடு ஆறிடும்."

சொன்னால் அவள் படிப்புக் கெட்டுவிடும், அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று பிறகு தன்னையே தேற்றிக்கொண்டார். தன் பயத்துக்கு மனைவியின் பெயரை வைத்துக் கூப்பிடுவதில் இந்த ஆண்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆறு வாரம் ஓடியது. வியாழக்கிழமை பரீட்சை. எப்படி எழுதினாய் என்றால், "பாப்போம்" என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்கு மத்தியானம் கூடப் படிச்சவங்க நாலு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். தங்கச்சியும் வர்றா. எல்லாரும் உங்க சமையலப் பத்திக் கேட்டுக் கேட்டு உயிர எடுக்கறாங்க. மொத்தம் ஏழு பேருக்கு. செஞ்சிருவீங்கல்ல?"

"ஏழு பேருக்கு என்ன, எழுபது பேருக்குக்கூட" என்றது அவருடைய வாய். அந்த வாயைத்தான் முதலில் கட்ட வேண்டும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கே ஆர்டர் போட்டுவிட்டார். பெரிய ஆர்டர். பெரிய ஆர்டருக்கும் ஒரு கட்டணம் இருந்தது. மனைவி வெளியே விருந்தாளிகளை அழைத்துவரப் போயிருந்தாள். பன்னிரண்டரைக்கு எல்லோரும் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காலிப் பாத்திரத்தில் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். நடுநடுவே குழாயைத் திறந்து மூடினார். வெறும் வாணலியில் தண்ணீர் தெளித்துச் 'சொய்ங்' என்று ஒரு சத்தம் வரவழைத்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு சொய்ங்.

'உணவு தயாராகிறது' என்றது செயலி. தயாராகட்டும். 'வண்டி புறப்பட்டது' என்றது. புறப்படட்டும். வரைபடத்தில் வண்டி பாலம் வரை வந்தது. அங்கேயே நின்றது. திரும்பியது. வந்த வழியே போயிற்று.

கதவு தட்டப்பட்டது. மைத்துனி. "மாமா, ஏதாவது ஒதவி வேணுமா?"

"வேணாம், வேணாம்! கதவத் தொறந்தா ஆவி போயிடும்!"

"ஒரு வாசனையும் வரலியே மாமா?"

"அதான் சொல்றேன், ஆவி உள்ளேயே இருக்கு!"

போனைப் பார்த்தார். 'உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது.'

மறுபடி போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதுவும் ரத்து. மூன்றாவது தடவை. ரத்து. வேர்த்துக் கொட்டியது. இந்தத் தடவை பெட்டியில் தட்டாமல் நேரே போன் போட்டார். பாட்டு, பாட்டுக்கு அப்புறம் விளம்பரம், அப்புறம் ஒரு மனிதக் குரல்.

"சார், எங்க பக்கம் எந்தத் தப்பும் இல்ல. வாடிக்கையாளரே ரத்து பண்ணியிருக்காங்க."

"நான்தான்யா வாடிக்கையாளர்! நான் பண்ணல!"

"உங்க கணக்கு ரெண்டு போன்ல ஓடுது சார். இன்னொரு போன்ல இருந்து ரத்து ஆகியிருக்கு. கணக்கே அந்த நம்பர்லதான் இருக்கு. கடைசி ரெண்டு எண் நாலு, ஏழு."

நான்கு, ஏழு. அந்த எண்ணை அவர் தூக்கத்தில்கூடச் சொல்வார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கூப்பிட்ட எண்.

காய்ச்சலில் படுத்திருந்தபோது செயலியைப் போட்டுக் கொடுத்தவள் அதை யாருடைய எண்ணில் போட்டிருப்பாள் என்று ஆறு வாரமாக அவர் யோசிக்கவே இல்லை. போன வருடத்துச் சூப் யார் கணக்கில் வந்தது என்று எந்த நோயாளி கேட்டிருக்கிறான்?

கதவைத் திறந்தார். கூடத்தில் ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் மடியில் போன் இருந்தது. வெளிச்சம் இன்னும் அணையவில்லை.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"மொத நாள் ஏழு அஞ்சுக்கு. வகுப்புல எலும்பு முறிவு நடத்திக்கிட்டிருந்தாங்க. 'உங்கள் கோழி வந்துகொண்டிருக்கிறது'ன்னு வந்துச்சு."

"அப்ப அந்தச் சூப்பு?"

"அது நான் போட்டது அண்ணே" என்றாள் நால்வரில் வயதில் மூத்தவள், மூன்று பிள்ளைகளின் தாய். "இடைவேளையில எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணுவோம். பழத்துண்டு மட்டும் இந்தப் பொண்ணோட யோசனை."

அவர் சுவரில் சாய்ந்தார். ஏப்ரனை அவிழ்க்கலாமென்றால் முடிச்சு சிக்கிக்கொண்டது. டைப்பிஸ்ட் அம்மாளின் காகிதம் ஞாபகம் வந்தது. 'சரிங்க சார்' ஞாபகம் வந்தது. தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது, ஆனால் அது மாடிக்கட்டடம். பிளந்தாலும் கார் நிறுத்துமிடத்தில்தான் போய் விழுவார்.

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே? ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றாள் மனைவி. கோபமில்லாமல், ஒரு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து விளக்குவதுபோலச் சொன்னாள். "நீங்க தலையக் குனிஞ்சிருப்பீங்க. மன்னிப்புக் கேட்டிருப்பீங்க. எனக்கும் பாவமா இருந்திருக்கும். மறுநாள் சாயங்காலம் நான் வகுப்ப விட்டுட்டுக் கரண்டியப் புடிச்சிருப்பேன். உங்க வெக்கம் ஒரு நாள்ல போயிருக்கும். என் படிப்பு மூணாவது வருஷமும் போயிருக்கும். நீங்க மாட்டிக்கக் கூடாதுன்னு ஓடின ஓட்டத்துலதாங்க நான் படிச்சு முடிச்சேன்."

"பரீட்சை…?"

"நேத்து வந்துருச்சு. பாஸ். அடுத்த மாசம் ஸ்கேன் பிரிவு."

அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரே முகத்தில் வைக்கத் தெரியாமல் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"அப்புறம் இன்னிக்கு எதுக்கு ரத்து பண்ணின?"

"ஆறு வாரம் ஓட்டினது சரி. ஸ்கேன் பிரிவுல வாரத்துல நாலு நாள் சாயங்கால ட்யூட்டி. அதுக்கெல்லாம் மழைக் கட்டணம் கட்ட முடியாதுங்க."

மைத்துனி வாயைத் திறந்தாள். வழக்கை முடித்து வைக்கும் தோரணையில் ஏதோ சொல்ல வந்தாள். ஆனால் நம்மவர் அதற்குள் நிமிர்ந்துவிட்டார். ஆறு வார அவமானம் மொத்தமும் திரண்டு நெஞ்சில் ஒரு புது வீரமாக எழும்பியது. செயலியை எல்லோர் கண் முன்னாலும் அழித்தார். சட்டைக் கையைச் சுருட்டினார்.

"யாரும் எழுந்திருக்காதீங்க. யாரும் ஒதவிக்கும் வராதீங்க. இன்னிக்கு ஏழு பேருக்கும் நானே சமைக்கிறேன். இந்தக் கையால!"

சமைத்தார். கதவைத் திறந்துவைத்தே சமைத்தார். வெங்காயம் வெட்டும்போது அழுதார். அதில் பாதி வெங்காயத்துக்காக இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாற்காலிகளைச் சமையலறை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு ஆறு பேரும் பார்த்தார்கள். கிழங்கை எப்படிப் பிடித்துத் தோல் சீவ வேண்டும் என்று மூத்தவள் சொன்னாள். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று மனைவி விரலால் காட்டினாள். அவர் ஒருதடவை கையைச் சுட்டுக்கொண்டார், இரண்டு தடவை விரலை வெட்டிக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. மூன்று மணிக்குச் சோறு வெந்தது. கிழங்கு ஒரு பக்கம் வெந்தது. முட்டை எல்லாப் பக்கமும் வெந்தது.

ஏழு தட்டு எடுத்து வைத்தார். தன் வாழ்க்கையில் கருகாமல் வந்த முதல் சமையலை முதல் தட்டில் பரிமாறி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், தலைகுனிந்து, மூத்தவள் முன்னால் நீட்டினார்.

"ஐயோ அண்ணே, எங்களுக்கு வேணாம்" என்றாள் அவள். "அக்கா முன்னாடியே சொல்லிட்டாங்க, நாங்கெல்லாம் வீட்ல சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்."